தலைமைக்கு எது தகுதி? மத நம்பிக்கை, அறிவியல், ஆட்சிப் பொறுப்பு

2007 மே 3 அன்று கலிபோர்னியாவின் சிமி வேலியில், ரீகன் நூலக அரங்கில் பத்துப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். அமெரிக்க அதிபர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக விரும்பியவர்கள் அவர்கள். பரிணாமக் கொள்கையை நம்பாதவர்கள் யார் என்ற கேள்வி வந்தபோது மூன்று கைகள் உயர்ந்தன. கான்சாஸின் செனட்டர் சாம் பிரவுன்பேக், ஆர்கன்சாவின் முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி, கொலராடோவின் டாம் டான்கிரடோ ஆகியோர் அந்த மூவர். சில நொடிகளில் முடிந்துபோன இந்தக் காட்சி பெரிய விவாதத்தைக் கிளப்பியது. உயிரியலின் அடித்தளத்தையே ஏற்காதவரிடம் அணு ஆயுதங்களும் நோய்த் தடுப்பும் சுற்றுச்சூழலும் அடங்கிய ஆட்சியை எப்படி ஒப்படைப்பது என்று ஒரு சாரார் கேட்டார்கள். அதிபர் வேலைக்கும் ஆதாம் ஏவாளுக்கும் என்ன தொடர்பு என்று மறுசாரார் திருப்பிக் கேட்டார்கள். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலை எழுதவா நான் போட்டியிடுகிறேன் என்ற பொருளில் ஹக்கபி பதில் சொன்னார்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் ஓர் அனுமானத்தைச் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டிருந்தன. ஒருவரின் நம்பிக்கையைத் தெரிந்துகொண்டால் பதவியில் அவர் எப்படி நடப்பார் என்பதும் தெரிந்துவிடும் என்பதே அந்த அனுமானம். கடந்த நூறாண்டு வரலாறு அதற்குப் போதிய சாட்சி சொல்லவில்லை. ஆழ்ந்த பக்தர்கள் அறிவியலுக்கு அரணாக நின்றிருக்கிறார்கள். கடவுளை மறுத்த அரசு மரபியலையே சிறையில் அடைத்திருக்கிறது. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற அதிபர் ஒருவர் கொள்ளைநோயின் கணக்கையே மூடி மறைத்திருக்கிறார். ஆகவே ஒரு தலைவர் எதை நம்புகிறார் என்ற கேள்வியைத் தாண்டி, நம்பியதற்கு மாறான சான்று கண்முன் வந்து நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில்தான் தகுதி தெரியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் வகுத்த எல்லை

பதவிக்கு வருபவரின் மதத்தைச் சோதிக்கும் வழக்கம் பழையது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் சட்டங்கள் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேராதவர்களை அரசுப் பதவிகளிலிருந்து விலக்கிவைத்தன. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் ஆறாம் பிரிவு, எந்தக் கூட்டாட்சிப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று தடை விதித்தது. ஆனாலும் மாநிலங்களில் அந்த வழக்கம் நீடித்தது. மேரிலாந்தில் நோட்டரி பதவிக்குத் தேர்வான ராய் டொர்காசோ, கடவுள் உண்டு என்று அறிவிக்க மறுத்ததால் பதவி இழந்தார். 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் இதற்கான போராட்டத்தை நடத்தியவர் சார்லஸ் பிராட்லா. 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகரான அவரை அவையில் அமரவிடவில்லை. தொகுதி மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் அவருக்கு இருக்கை கிடைத்தது. கடவுள் பெயரின்றி உறுதிமொழி ஏற்கும் உரிமையை 1888ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் உறுதிசெய்தது. இந்தப் போராட்டத்தின் அலை சென்னையையும் தொட்டது. 1880களில் இங்கே சென்னை லௌகிக சங்கத்தார் நடத்திய ‘தத்துவவிவேசினி’ என்ற இதழ் பிராட்லா வழிச் சிந்தனையைத் தமிழில் பரப்பியது. பிராட்லாவோடு தோளோடு தோள் நின்று போராடிய அன்னி பெசண்ட் பின்னாளில் பிரம்மஞான சபையின் பக்கம் திரும்பி அடையாறுக்கு வந்து சேர்ந்தார்.

இந்திய அரசமைப்பு தொடக்கத்திலேயே இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. மூன்றாம் அட்டவணையின்படி, பதவியேற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். உளமார உறுதி கூறவும் செய்யலாம். தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழக அமைச்சர்கள் உளமார உறுதி கூறிப் பதவியேற்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். இரண்டில் எந்த வாசகத்தைச் சொன்னாலும் அதிகாரமும் பொறுப்பும் ஒன்றே.

சட்டத்தின் தடை அரசைத்தான் கட்டுப்படுத்தும். வாக்காளரின் மனத்தைக் கட்டுப்படுத்தாது. 1928இல் கத்தோலிக்கரான அல் ஸ்மித் அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்றதற்கு அவருடைய மதமும் ஒரு காரணம். 1960இல் அதே சந்தேகத்தை ஜான் கென்னடி எதிர்கொண்டார். செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று, பொதுக் காரியங்களில் தன் திருச்சபைக்காகத் தான் பேசவில்லை என்றும், திருச்சபை தனக்காகப் பேசவில்லை என்றும் அறிவித்தார். மனசாட்சிக்கும் நாட்டு நலனுக்கும் இடையே தீராத முரண் வந்தால் பதவியை விட்டு விலகுவதாகவும் சொன்னார். கென்னடி தன் நம்பிக்கைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த முடிவை எந்த அடிப்படையில் எடுப்பேன் என்பதைச் சொன்னார். மதமும் தலைமையும் பற்றிய பேச்சு அன்று சரியான இடத்துக்கு வந்தது. நாத்திகருக்கு வாக்களிக்கத் தயார் என்று 1958இல் கேலப் நிறுவனத்திடம் சொன்ன அமெரிக்கர்கள் 18 விழுக்காடு. 2020இல் 60 விழுக்காடு. மனங்கள் மெல்ல மாறியிருக்கின்றன. ஆனாலும் கேள்வி தீரவில்லை.

கூப்: கணிப்புகளைப் பொய்யாக்கிய மருத்துவர்

நம்பிக்கையை வைத்து ஒருவரை எடைபோடுவது எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு எவரெட் கூப் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று வேறில்லை. பிலடெல்பியாவில் புகழ்பெற்ற குழந்தைகள் அறுவை மருத்துவர் அவர். ஆழ்ந்த நம்பிக்கை கொண்ட சுவிசேஷக் கிறிஸ்தவர். கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்தவர். 1981இல் ரீகன் அவரை நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர் பதவிக்கு முன்மொழிந்தபோது பெண்ணுரிமை அமைப்புகளும் பொதுச் சுகாதாரத் துறையினர் பலரும் கடுமையாக எதிர்த்தார்கள். மதவாதிகளோ தங்கள் ஆள் ஒருவர் வந்துவிட்டார் என்று மகிழ்ந்தார்கள். பல மாதங்கள் இழுபறிக்குப் பிறகு நவம்பரில் செனட் ஒப்புதல் கிடைத்தது.

அப்போதுதான் எய்ட்ஸ் பரவத் தொடங்கியிருந்தது. ஒருபாலீர்ப்பினருக்குக் கடவுள் தந்த தண்டனை என்று சில போதகர்கள் அதைச் சொன்னார்கள். கூப் 1986 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை நேர்மாறான வழியில் சென்றது. நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று எளிய சொற்களில் விளக்கியது. ஆணுறையின் பயனைச் சொன்னது. இளம் வயதிலேயே பள்ளிகளில் பாலியல் கல்வி தொடங்க வேண்டும் என்றது. 1988இல் எய்ட்ஸ் பற்றிய விளக்கக் கையேடு ஏறத்தாழ 10.7 கோடி அமெரிக்க வீடுகளுக்கு அஞ்சலில் போய்ச் சேர்ந்தது. அவரை வரவேற்ற மதவாதிகள் கொதித்தார்கள். எதிர்த்தவர்கள் வியந்து பாராட்டினார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொரு நிகழ்வு உண்டு. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களின் உடல்நலத்திலும் மனநலத்திலும் ஏற்படும் பாதிப்புகளைப் பற்றி ஓர் அறிக்கை தரும்படி ரீகன் அவரிடம் கேட்டிருந்தார். கருக்கலைப்பை ஒழுக்கக்கேடு என்று உறுதியாக நம்பிய கூப், தன் நம்பிக்கைக்குப் பலம் சேர்க்கும் அறிக்கையைச் சுலபமாக எழுதியிருக்கலாம். ஆய்வுகளை அலசிப் பார்த்தார். 1989 ஜனவரியில், பாதிப்பு உண்டு என்றோ இல்லை என்றோ முடிவுகட்டப் போதிய தரமான சான்று இல்லை என்று அதிபருக்குக் கடிதம் எழுதினார். கருக்கலைப்பு பற்றிய அவருடைய மத நம்பிக்கை அன்றும் மாறவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைத் தரவின் இடத்தில் உட்காரவைக்க அவர் மறுத்தார். நெறி சார்ந்த நம்பிக்கை ஒன்று, உலகம் எப்படி இயங்குகிறது என்ற உண்மை வேறொன்று என்று பிரித்துப் பார்க்கும் இந்தத் திறன்தான் ஆட்சிப் பொறுப்பில் இருப்பவருக்கு முதல் தேவை.

புஷ்: ஒரே நம்பிக்கை, இரண்டு விளைவுகள்

அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைத்ததில்லை. கருமுளையின் குருத்தணுக்களைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கு அரசுப் பணம் தருவதா என்ற கேள்விக்கு 2001 ஆகஸ்டு 9 அன்று தொலைக்காட்சியில் பதில் சொன்னார். அன்றைய தேதிக்கு முன்பே உருவாகியிருந்த குருத்தணு வரிசைகளுக்கு மட்டும் பணம் கிடைக்கும். புதிதாகக் கருமுளைகளை அழிப்பதற்குக் கிடைக்காது. இந்த முடிவில் ஒரு நெறிக்கேள்வி இருந்தது. கருமுளைக்கு உயிரின் மதிப்பு உண்டா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு ஒரு தலைவர் தன் மனசாட்சிப்படி விடை தேடுவது மக்களாட்சியில் தவறில்லை. தேர்தலில் மக்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம்.

குறை வேறிடத்தில் இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட வரிசைகள் ஏற்கெனவே உள்ளன, ஆய்வுக்கு அவை போதும் என்று புஷ் அன்று சொன்னார். நடைமுறையில் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டவை ஏறத்தாழ இருபதுதான். சமரசம் முழுவதும் அந்த எண்ணிக்கையின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. எண்ணிக்கை சரிந்தபிறகும் கொள்கை அசையவில்லை. நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தங்களை 2006இலும் 2007இலும் தன் மறுப்பாணையால் தடுத்தார். ஒபாமா 2009 மார்ச் 9 அன்று அந்தத் தடையை நீக்கினார். நெறிக்கேள்வியில் புஷ்ஷோடு உடன்படுபவர்கூட, அதற்கு ஆதரவாக வைக்கப்பட்ட உண்மைத் தகவல் தவறானபோது அதை எதிர்கொள்ளாததைக் குறையாகவே கருத வேண்டும்.

அதே மனிதர், அதே நம்பிக்கையின் உந்துதலால், 2003 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் செலவிடும் திட்டத்தை அறிவித்தார். திட்டத்தை வடிவமைக்கும் பொறுப்பில் அந்தோணி ஃபவுச்சி போன்ற மருத்துவ அறிஞர்கள் இருந்தார்கள். வைரஸை அடக்கும் மருந்துகள் ஏழை நாடுகளிலும் வேலை செய்யும் என்ற சான்றின் மேல் அது நின்றது. அத்திட்டம் 2.5 கோடி உயிர்களைக் காப்பாற்றியிருப்பதாக அமெரிக்க அரசின் கணக்கு சொல்கிறது. ஆனால் அதிலும் ஒரு தடம் பதிந்திருந்தது. நோய்த்தடுப்புக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம் வரை புலனடக்கம் என்ற பிரசாரத்துக்கு ஒதுக்கச் சட்டம் வற்புறுத்தியது. அது தடுப்புப் பணிக்கு இடையூறானது கண்டு 2008இல் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. மருந்து கொடுக்க வேண்டும் என்று உந்தியது கருணை. எந்த மருந்து, எந்த வழி என்று தீர்மானித்தது சான்று. அந்தப் பகிர்வு சரியாக இருந்த இடங்களில் உயிர்கள் பிழைத்தன.

மதம் இல்லாத பிடிவாதம்

மதத்தை அகற்றிவிட்டால் ஆட்சி தானாகவே அறிவியல் வழியில் நடக்கும் என்று எண்ணுவோருக்கு சோவியத் ஒன்றியத்தின் வரலாறு ஓர் எச்சரிக்கை. நாத்திகத்தை அரசின் கொள்கையாகவே வைத்திருந்த நாடு அது. தன் ஆட்சி அறிவியலின் ஆட்சி என்று சொல்லிக்கொண்டது. அங்கே திரோஃபிம் லிசென்கோ என்ற வேளாண்மையாளர், மெண்டலின் மரபியலை முதலாளித்துவப் பொய் என்று நிராகரித்தார். பயிர்களைச் சூழலால் விரும்பியபடி மாற்றலாம், அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் செல்லும் என்றார். ஸ்டாலினுக்கு அது பிடித்திருந்தது. உலகின் மாபெரும் விதைச் சேமிப்பை உருவாக்கிய நிக்கோலாய் வாவிலோவ் 1940இல் கைதாகி, 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் மடிந்தார். உலகத்தின் பசியைப் போக்க விதை சேர்த்தவரின் சாவு பட்டினியால் நேர்ந்தது. 1948 ஆகஸ்டு மாநாட்டில் லிசென்கோவின் உரையை ஸ்டாலினே திருத்திக் கொடுத்தார். அதன் பிறகு மரபியல் பாடமே பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தப்பட்டது. லிசென்கோவின் பிடி முழுமையாகத் தளர 1960களின் நடுப்பகுதி ஆயிற்று.

தென்னாப்பிரிக்காவின் அதிபராக இருந்த தாபோ எம்பெக்கியும் மதத்தின் பெயரால் தவறியவர் அல்லர். எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்று ஐயப்பட்டார். மேற்கத்திய மருந்து நிறுவனங்கள் மீதும், ஆப்பிரிக்கர்களின் உடலைப் பற்றிக் காலனி ஆட்சி பரப்பிய இழிவுகள் மீதும் அவருக்கு இருந்த கோபத்துக்கு வரலாற்றில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயமான கோபம் தவறான அறிவியலுக்கு வாசலைத் திறந்துவிட்டது. அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பரிந்துரைத்தார். தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும் என்று 2002இல் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. மருந்து தாமதமானதால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். சான்றை மறுக்க மதம் தேவையில்லை. சித்தாந்தம் போதும், நியாயமான கோபமும் போதும்.

பட்டம் காவல் நிற்குமா?

அப்படியானால் அறிவியல் படித்தவரைத் தலைவராக்கினால் போதுமா? தான்சானியாவின் அதிபராக இருந்த ஜான் மகுஃபுலி தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்றவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். 2020 ஏப்ரல் இறுதியோடு அவருடைய அரசு கொரோனா எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. பப்பாளிக்கும் ஆட்டுக்கும் சோதனை செய்தபோது தொற்று உண்டு என்று வந்ததாகச் சொல்லி ஆய்வகத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கினார். ஜூன் மாதம், மக்களின் பிரார்த்தனையால் நாடு கொரோனாவிலிருந்து விடுபட்டது என்று அறிவித்தார். 2021 ஜனவரியில் தடுப்பூசிகளையும் ஐயுற்றார். மார்ச் 17 அன்று அவர் இறந்தார். காரணம் இதயநோய் என்று அரசு அறிவித்தது. அடுத்து வந்தவர் துணை அதிபர் சாமியா சுலுஹு ஹசன். தலையை மூடிய முக்காடோடு பதவியேற்ற இறைநம்பிக்கையுள்ள முஸ்லிம் பெண். வல்லுநர் குழு அமைத்தார். நாடு மீண்டும் எண்ணிக்கை வெளியிட்டது. ஜூலையில் மக்கள் பார்க்கத் தானே தடுப்பூசி போட்டுக்கொண்டார். இருவருமே பக்தர்கள். முனைவர் பட்டம் முன்னவருக்குத்தான் இருந்தது. நாட்டைச் சான்றின் வழிக்குத் திருப்பியவர் பின்னவர்.

இந்தியாவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முரளி மனோகர் ஜோஷி அலகாபாத் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். அவர் மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்தபோதுதான், 2001இல், பல்கலைக்கழகங்களில் ஜோதிடத்தை ஓர் அறிவியல் பாடமாகத் தொடங்கப் பல்கலைக்கழக மானியக்குழு முன்வந்தது. உயிரியலாளர் புஷ்ப பார்கவா நீதிமன்றம் சென்றார். 2004இல் உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. மறுபுறம், ஜெர்மனியின் அங்கெலா மெர்கல் ஒரு போதகரின் மகள், குவாண்டம் வேதியியலில் முனைவர். 2020 ஏப்ரலில் தொற்று ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுகிறது என்ற எண் சிறிதளவு கூடினால் மருத்துவமனைகள் எந்த மாதத்தில் நிரம்பும் என்று அவர் கணக்குச் சொல்லி விளக்கியதை உலகமே கவனித்தது. பட்டம் ஒரு கருவி. அதை எடுத்துப் பயன்படுத்தும் மனம் இருந்தால்தான் அது உதவும்.

இலங்கை: இரண்டு பாடங்கள்

நமக்கு மிக அருகில் நடந்தவை இன்னும் வலிக்கின்றன. 2020இன் இறுதியில் கேகாலையில் ஒருவர், காளி தேவி அருளியது என்று சொல்லி, தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாணியைக் கொரோனாவுக்கு மருந்தாகக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகத் திரண்டார்கள். இலங்கையின் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாக அருந்தினார். அதற்கு முன் நோய் விலக மந்திரித்த பானைகளை ஆற்றில் இட்டவரும் அவர்தான். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. அவர் பிழைத்தது மகிழ்ச்சிக்குரியது. வீட்டில் ஒருவர் நேர்த்திக்கடன் வைப்பதும், ஒரு நாட்டின் சுகாதார அமைச்சர் ஊடகங்கள் முன் பாணி அருந்துவதும் ஒரே செயல் ஆகா. பின்னதில் அரசின் முத்திரை இருக்கிறது. மக்கள் அதை நம்பித்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டாவது பாடம் இதைவிடக் கசப்பானது. 2020 ஏப்ரலில் இலங்கை அரசு, கொரோனாவில் இறந்த அனைவரையும் தகனம் செய்ய வேண்டும் என்று வர்த்தமானியில் ஆணை வெளியிட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருந்தது. இலங்கையின் மருத்துவ வல்லுநர்கள் பலரும் அதையே சொன்னார்கள். இறந்தவரை அடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் கதறின. பிறந்து இருபது நாளே ஆன பச்சிளங்குழந்தையின் உடல்கூடப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் ஆணை மாற்றப்பட்டு, உடல்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. இங்கே அறிவியலின் சொற்களைப் பேசியது அரசு. மதக் கோரிக்கையை வைத்தது மக்கள். ஆனால் சான்று மக்கள் பக்கம் இருந்தது. அறிவியலின் பெயரைச் சொல்வதாலேயே ஒரு முடிவு அறிவியல் ஆகிவிடாது. சிறுபான்மை மீதான வெறுப்பும் ஆய்வகத்தின் அங்கியை அணிந்து வரக்கூடும்.

திருநெல்வேலியிலிருந்து சாந்திநிகேதன் வரை

இந்தக் கேள்வியை இந்தியா மிக உயர்ந்த தளத்தில் ஒருமுறை விவாதித்திருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்காகக் கடவுள் தந்த தண்டனை அது என்று தான் கருதுவதாகச் சொன்னார். தீண்டாமை ஒழிப்பில் காந்தியோடு முழுமையாக நின்ற தாகூர், இந்தக் கூற்றைக் கண்டு வருந்தினார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு என்றார். இத்தகைய வாதம் எதிர்த்தரப்புக்கே கூடுதலாகப் பொருந்தும் என்றும் எச்சரித்தார். கோயில் நுழைவுதான் நிலநடுக்கத்துக்குக் காரணம் என்று சனாதனிகள் சொன்னால் என்ன பதில் சொல்வது? நேருவும் தன் சுயசரிதையில் அந்தக் கூற்று தனக்குத் தந்த அதிர்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்.

காந்தி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதில் தாகூர்தான் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காந்தி செய்த இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தாகூரின் மறுப்பை முழுமையாகத் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். அதற்குத் தன் பதிலையும் எழுதினார். தனக்கு எதிரான மிக வலிமையான வாதத்தைத் தன் வாசகர்களிடம் தானே கொண்டுசேர்த்த தலைவர் அவர். இன்று எத்தனை தலைவர்களிடம் அந்தத் துணிவு இருக்கிறது?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியாக இந்திய அரசமைப்பில் 51ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் 2018 ஜனவரியில் உயர்கல்வியைக் கவனித்த இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, எனவே டார்வின் கொள்கை தவறு, பாடத்திட்டத்திலிருந்து அதை எடுக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. மூத்த அமைச்சர் தலையிட்டு அத்தகைய பேச்சைத் தவிர்க்கச் சொன்னார். அத்தோடு விஷயம் அடங்கவில்லை. 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலைத் தொடராத பிள்ளைகளே மிகுதி. அவர்களுக்கு அந்தப் பாடம் இனி கிடைக்கும் வாய்ப்புக் குறைவு.

ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன் இஸ்ரோ தலைவர்கள் ராக்கெட்டின் சிறு மாதிரியோடு திருப்பதிக்குச் செல்வது பலருக்கு உறுத்தலாக இருக்கிறது. நான் அதை அவ்வளவு பெரிய குறையாகக் கருதவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் இறுதி எண்ணிக்கையின்போது ஒரு வால்வில் கசிவு தெரிந்தால் ஏவுதல் நிற்கிறது. பிரார்த்தனை செய்தாயிற்று என்று யாரும் அதைத் தொடர்வதில்லை. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான் 2 பறக்க ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தபோது கோளாறு தெரிந்ததும் ஏவுதல் நிறுத்தப்பட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் நடந்தது. வழிபாடு அவர்களின் மனத்துக்கு. முடிவு கருவிகளின் அளவீட்டுக்கு. அமைச்சரவையிலும் இதே ஒழுங்கு இருந்தால் பக்தி எந்த ஆட்சிக்கும் இடையூறல்ல.

ஒரு வலுவான மறுப்பு

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு; அதை எளிதில் ஒதுக்க முடியாது. பரிணாமத்துக்குப் புதைபடிவங்கள், மரபணு ஒப்பீடு, கண்ணெதிரே நிகழும் கிருமிகளின் மாற்றம் என்று சான்று மலைபோலக் குவிந்திருக்கிறது. அவ்வளவு சான்றையும் ஒருவர் மறுக்கிறார் என்றால், நாளை காலநிலையிலோ கொள்ளைநோயிலோ அவர் சான்றை மதிப்பார் என்று எப்படி நம்புவது? நம்பிக்கை என்பது மனத்தின் பழக்கத்தைக் காட்டும் அடையாளம் அல்லவா?

இதில் உண்மை இருக்கிறது. வாக்காளர் அதைக் கணக்கில் கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். ஆனால் அது விசாரணையின் தொடக்கமாக இருக்கலாம், தீர்ப்பாகிவிடக் கூடாது. பென்சில்வேனியாவின் டோவர் நகரப் பள்ளிக் குழு, பரிணாமத்துக்கு மாற்றாகப் படைப்புவாதத்தின் புது வடிவம் ஒன்றை உயிரியல் வகுப்பில் நுழைத்தபோது பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக முதன்மைச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். 2005 டிசம்பர் 20 அன்று அந்தப் பாடம் அறிவியல் அல்ல என்று தீர்ப்பெழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ், புஷ் நியமித்த குடியரசுக் கட்சிக்காரர், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். பெருவெடிப்புக் கொள்கையின் முன்னோடி ஜார்ஜ் லெமைத்ர் ஒரு பாதிரியார். தன் கொள்கையைப் படைப்புக்கான சான்றாகப் போப்பாண்டவர் 1951இல் எடுத்துக்காட்டியபோது, அறிவியலையும் மறையையும் அப்படிக் கலக்க வேண்டாம் என்று விரும்பியவர் அவர். மத நம்பிக்கையாளர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்தினால், அறிவியலைக் காத்த இவர்களையும் சேர்த்தே இழப்போம்.

வாக்காளர் கேட்க வேண்டியவை

மேலே கண்ட அத்தனை பேரையும் ஒப்பிட்டால் சில வேறுபாடுகள் தெளிவாகின்றன. கூப் தன் நெறியையும் தரவையும் பிரித்தார். மகுஃபுலி கணக்கை வெளியிடுவதையே நிறுத்தினார். சாமியா அதை மீண்டும் திறந்தார். ஸ்டாலின் மறுத்துப் பேசிய அறிஞர்களைச் சிறையில் தள்ளினார். காந்தி மறுத்துப் பேசிய கவிஞருக்குத் தன் இதழில் இடம் கொடுத்தார். எம்பெக்கியின் நாட்டில் குழந்தைகளைக் காத்தது சுதந்திரமான நீதிமன்றம். இலங்கையின் முஸ்லிம் குடும்பங்களுக்கு உரிய நேரத்தில் அத்தகைய காவல் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்களின் மனுக்களை விசாரணைக்கே ஏற்காமல் தள்ளியது. இடித்துச் சொல்லும் பெரியோரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், கெடுப்பவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்று வள்ளுவர் அரசியலில் வைத்த எச்சரிக்கை, இந்த வேறுபாடுகள் அனைத்துக்கும் அடியில் ஓடுகிறது.

ஆகவே ஒரு வேட்பாளரிடம் கோயிலுக்குப் போவீர்களா, கடவுள் உண்டா என்று கேட்பதால் நமக்குப் பெரிதாக எதுவும் தெரியப்போவதில்லை. கேட்க வேண்டியவை வேறு. உங்கள் அரசின் கணக்கு உங்களுக்கே பாதகமாக இருக்கும்போதும் வெளியிடுவீர்களா? கடந்த காலத்தில் அப்படி வெளியிட்டிருக்கிறீர்களா? சுகாதாரத்துக்கும் கல்விக்கும் யாரைப் பொறுப்பில் வைக்கிறீர்கள்? அவர்கள் உங்களை மறுத்துப் பேசியபோது பதவியில் நீடித்தார்களா? எந்த முடிவை, எந்தப் புதிய சான்று வந்ததால் மாற்றிக்கொண்டீர்கள்? உங்கள் நம்பிக்கையை ஏற்காதவரின் பிள்ளைக்கும் அதே பாடநூல், அதே மருந்து, இறந்தால் அதே மரியாதை கிடைக்குமா? பக்தருக்கும் நாத்திகருக்கும் இந்தக் கேள்விகள் ஒன்றுபோலப் பொருந்தும். பேச்சால் இவற்றுக்குப் பதில் சொல்வது எளிது. அவரவர் நடந்துகொண்ட வரலாற்றில் பதிலைத் தேடுவது நம் வேலை.

தவறாத தலைவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். தவறியதைத் தெரிவிக்க மற்றவர்களை அனுமதிப்பவரை, தெரிந்தபின் திருத்திக்கொள்பவரைத் தேடலாம். அப்படிப்பட்டவர் எந்தத் தெய்வத்தை வணங்கினாலும், எந்தத் தெய்வத்தையும் வணங்காவிட்டாலும், ஆட்சியை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் அவரே.